ஸ்குவால் சாகவில்லை, மச்சான்

அன்புள்ள மச்சானுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. ஷிஃப்ட் முடிந்து வந்து சாப்பிட உட்கார்ந்தவன், தட்டை ஓரமாகத் தள்ளிவிட்டு முழுதாகப் படித்த பிறகுதான் சாப்பிட்டேன். பாப்பா ஃபைனல் ஃபேன்டஸி 8 வீடியோ கேமை முடித்துவிட்டாள் என்பதே எனக்குப் பெரிய சந்தோஷம். ஆனால் "ஸ்குவால் முதல் சிடி முடிவிலேயே செத்துட்டான்ப்பா, மீதியெல்லாம் உயிர் போகும்போது அவன் காண்ற கனவு" என்று அந்த கேமின் நாயகனைப் பற்றி அவள் எங்கோ படித்துவிட்டு வந்து சொன்னதாகவும், உனக்கும் அது சரி என்று பட்டதாகவும் எழுதியிருந்தாய் பார், அதைப் படித்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை. எனக்கு அந்தத் தியரியில் கொஞ்சமும் சம்மதம் இல்லை. ஏன் இல்லை என்று எழுதுகிறேன், பாப்பாவுக்கும் படித்துக் காட்டு.

முதலில் ஊர் சேதி. கத்திரி இன்னும் முடியவில்லை, பதினோரு மணிக்கு மேல் தெருவில் தலை காட்ட முடியவில்லை. 2021 நவம்பரில் பாலாறு இரண்டு கரையும் தொட்டு ஓடியதை வீடியோவில் பார்த்துவிட்டு இரவோடு இரவாகப் போன் செய்தாயே, இப்போது அதே இடத்தில் மணலும் முள்ளும்தான். அம்மாவுக்கு முழங்கால் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, வாக்கரை விட்டுவிட்டு நடக்கிறார்கள். பெரியவன் பத்தாவது தேறிவிட்டான், பயாலஜி வேண்டாம் கம்ப்யூட்டர்தான் என்று நிற்கிறான், சரி என்று விட்டுவிட்டேன். எனக்கு அதே ராணிப்பேட்டை ஷூ கம்பெனிதான். 2019-இல் மாவட்டத்தை மூன்றாகப் பிரித்ததிலிருந்து காட்பாடியில் கிளம்பி அடுத்த மாவட்டத்துக்கு வேலைக்குப் போகிறேன், அம்மா மட்டும் எல்லாவற்றையும் சேர்த்து இன்னும் வட ஆற்காடு என்றே சொல்கிறார்கள். உன் ஓசூர் வீட்டுக்கு மேல்தளம் போட்டாச்சா? அதைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லையே.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இந்தத் தியரி உனக்கு ஏன் இவ்வளவு லேசாகப் பிடித்துப்போனது என்று எனக்குத் தெரியும் என்றே நினைக்கிறேன். அந்த கேம் ஜப்பானில் வெளியானது 1999 பிப்ரவரியில். தோட்டப்பாளையத்தில் நாம் மணிக்கணக்குக்குக் காசு கொடுத்து விளையாடிய அந்தச் சந்துக் கடைக்கு அது வந்து சேர்ந்தபோது நாம் பிளஸ் டூ. மொத்தம் நான்கு சிடி, சென்னையில் வாங்கிய காப்பி, கவர்கூடக் கிடையாது, மேலே மார்க்கரில் நம்பர் மட்டும் போட்டிருக்கும். அதில் இரண்டாவது சிடியில் கீறல். போட்டால் கறுப்புத் திரையோடு நின்றுவிடும். அதனால் நமக்கு ரொம்ப நாள் வரைக்கும் கதை முதல் சிடியோடு முடிந்த கதைதான். பிளேஸ்டேஷன் நமக்குக் காட்டிய கடைசிக் காட்சி, அந்தப் பையன் நெஞ்சில் பனிக்கட்டி பாய்ந்து சரிகிற காட்சி. அவன் செத்துவிட்டான் என்று வீட்டுக்கு நடந்துகொண்டே பேசியிருக்கிறோம். நீ அன்றைக்குப் போட்ட அழுகையை மறக்கவில்லை நான்.

அந்தக் காட்சியை இப்போது மறுபடி போட்டுப் பார்த்தேன். டெலிங் நகரத்தில் சூனியக்காரி ஈடியாவின் ஊர்வலம், தெரு நிறைய ஜனம். ஸ்குவாலின் கூட்டாளி இர்வின் சுட்ட குண்டை அவள் சர்வசாதாரணமாகத் தடுத்துவிடுகிறாள். ஸ்குவால் பாய்ந்து அந்த ஊர்வல மேடையில் ஏறி, பள்ளியில் தனக்குப் போட்டியாக இருந்த சைஃபரோடு மோதி, பிறகு அவளோடும் மோதி, ஜெயித்துவிட்டான் என்று நாம் மூச்சு விடும்போது அவள் கையை உயர்த்துகிறாள். கூரான ஒரு பனிக்கட்டி அவன் உடம்பைத் துளைத்துப் பின்னால் வருகிறது. அவன் தடுமாறிப் பின்னோக்கிச் சரிகிறான், மேலே கதையின் நாயகி ரினோவா கை நீட்டுகிறாள், அந்தக் கை அவனுடைய கண் வழியாகத் தூரம் போய்க்கொண்டே இருக்கிறது. அங்கே இருட்டு. அந்தக் கையைக் காட்டுகிற விதம் இருக்கிறதே, அதுதான் இத்தனை வருஷமாக இத்தனை பேரை "அவன் செத்துவிட்டான்" என்று சொல்ல வைக்கிறது. அதை நான் குறை சொல்லமாட்டேன்.

தியரிக்காரர்கள் சொல்வதில் நியாயமே இல்லை என்றும் சொல்லமாட்டேன். இரண்டாவது சிடியில் ஸ்குவால் சிறையில் கண் விழிக்கிறான், உடம்பைத் தடவிப் பார்க்கிறான், காயம் இல்லை. காயம் எங்கே என்று அவனே கேட்கிறான், கதை கடைசிவரை அதற்குப் பதில் சொல்வதில்லை. முதல் சிடி வரைக்கும் ராணுவப் பள்ளி, பரீட்சை, ரயில், கூலிப்படை வேலை, நாம் நம்பக்கூடிய உலகம். அப்புறம் பள்ளிக்கூடக் கட்டடமே எழும்பிப் பறக்கிறது, நிலாவிலிருந்து பேய் மழை போல மிருகங்கள் இறங்குகின்றன, அவன் விண்வெளிக்குப் போய் ரினோவாவைக் கட்டிப்பிடித்துக் காப்பாற்றுகிறான், கடைசியில் காலமே நசுங்கி ஒன்றாகிவிடுகிறது. தன்னோடு படித்த எல்லோரும் ஒரே அநாதை இல்லத்தில் தன்னோடு வளர்ந்தவர்கள் என்று தெரியவருகிறது. தனியாக வளர்ந்த பதினேழு வயதுப் பையன் சாகும் நேரத்தில் எதற்கு ஏங்குவானோ அதெல்லாம் வரிசையாக வந்து விழுகிறது, குடும்பம், காதல், அப்பா மாதிரி ஒருவர், தலைவன் பதவி. கோத்துப் பார்த்தால் கச்சிதமாகத்தான் இருக்கிறது.

2019-இல் ரீமாஸ்டர் வந்தபோது டைரக்டர் யோஷினோரி கிடாசேயிடம் ஒரு பேட்டியில் இதை நேராகவே கேட்டார்கள். இல்லை, குத்துப்பட்டது தோள் பக்கம்தான், அவன் சாகவில்லை என்று சொல்லிவிட்டார். கூடவே, இது சுவாரசியமான யோசனை, என்றைக்காவது முழுதாக ரீமேக் செய்தால் மனதில் வைத்துக்கொள்வேன் என்றும் சொன்னார். பாப்பா இதைப் பார்த்திருக்கமாட்டாள் என்று நினைக்கிறேன். ஆனால் அவர் சொல்லிவிட்டார், அதனால் வழக்கு முடிந்தது என்று நான் வாதாடப் போவதில்லை. எழுதியவர் சொல்வதும் ஓர் உரைதான். எழுதியவர் வாயே திறக்காத பாட்டுக்கு நம் ஆட்கள் எத்தனை நூற்றாண்டாக ஒருவருக்கொருவர் ஒத்துப்போகாத உரைகளை எழுதியிருக்கிறார்கள், அதில் எது நிற்கிறது? பாட்டை இன்னும் நன்றாகக் கேட்க வைக்கிற உரை நிற்கிறது. கனவுத் தியரியையும் அப்படித்தான் நிறுத்துப் பார்க்கிறேன். அதை ஏற்றுக்கொண்டால் இந்தக் கதை கூடுகிறதா, குறைகிறதா?

குறைகிறது மச்சான். மூன்றாவது சிடியில் ரினோவா நினைவில்லாமல் கிடக்கிறாள், என்ன செய்தும் எழவில்லை. அவளைக் குணமாக்க எஸ்தார் நாட்டில் வழி இருக்கலாம் என்று ஸ்குவால் அவளை முதுகில் தூக்கிக்கொண்டு கடல் மேல் போகிற அந்த நீளமான ரயில் பாலத்தில் கிளம்பிவிடுகிறான். தலைவன் பொறுப்பை விட்டுவிட்டு, யாரிடமும் சொல்லாமல். இரண்டு பக்கமும் தண்ணீர், துருப்பிடித்த தண்டவாளம், ஆள் நடமாட்டமே கிடையாது. அதுவரைக்கும் அவன் பேச்சு எல்லாம் அடைப்புக்குறிக்குள்தான் ஓடும், நினைத்துக்கொள்வான், வாய் திறக்கமாட்டான், கேட்டால் "என்னமோ" என்று முகத்தைத் திருப்பிக்கொள்வான். அந்தப் பாலத்தில்தான் அவன் முதல் முறையாக மனசைத் திறந்து பேசுகிறான், அதுவும் பதில் சொல்ல முடியாத ஒருத்தியிடம். நான் எப்படி மாறிவிட்டேன் பார், மற்றவர்கள் என்ன நினைப்பார்களோ என்று அவனே ஆச்சரியப்படுகிறான். நடுவில் கால் ஓய்ந்து உட்காரும்போது அவள் தலை அவன் தோளில் சாய்ந்திருக்கும் விதத்தைப் பாப்பாவை ஒரு முறை கவனித்துப் பார்க்கச் சொல். இதெல்லாம் கனவு என்றால் அந்த முதுகில் யாருமே இல்லை. அவன் தன்னிடமே பேசிக்கொள்கிறான், பழையபடி அடைப்புக்குறிக்குள். யாரையும் நம்பாமல் இருந்துவிட்டால் யாரையும் இழக்க வேண்டியதில்லை என்று கதை ஆரம்பத்தில் நினைத்துக்கொண்டிருந்த பையனை அந்தத் தியரி மறுபடி தனியாக உட்கார வைத்துவிடுகிறது. சாவு சோகமானது என்பதால் நான் அதை மறுக்கவில்லை. அவன் மாறியதை அது பறித்துக்கொள்கிறது, அதனால் மறுக்கிறேன்.

இன்னொன்றும் இருக்கிறது. முதல் சிடியிலேயே, சைஃபருக்கு மரண தண்டனை நிறைவேற்றிவிட்டார்கள் என்று சேதி வரும் இடம் நினைவிருக்கிறதா? எல்லோரும் அவனைப் பற்றி அப்படி இருந்தான், இப்படி இருந்தான் என்று பேச ஆரம்பிக்கிறார்கள். ஸ்குவால் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டுச் சட்டென்று எழுந்து கத்துகிறான், என்னைப் பற்றி யாரும் இறந்தகாலத்தில் பேச நான் விடமாட்டேன் என்று. கத்திவிட்டு வெளியே ஓடிவிடுகிறான். கேம் முழுக்க அவன் அவ்வளவு உடைந்து பேசுகிற இடங்கள் மிகக் குறைவு. அவனைப் பற்றி இறந்தகாலத்தில் பேசுகிற தியரியை அவன் வாயாலேயே அந்தக் கதை முன்கூட்டி மறுத்து வைத்திருக்கிறது என்றுதான் எனக்குப் படுகிறது.

போன வாரம் கலவை பக்கம் அக்கா ஊரில் திரௌபதி அம்மன் கோயில் அக்னி வசந்த விழா. கர்ண மோட்சம் ராத்திரிக்கு நான் போயிருந்தேன், விடிய விடிய உட்கார்ந்து பார்த்தேன். கர்ணன் சாகப்போகிறான் என்று அங்கே பால்குடிக்கிற குழந்தை தவிர எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் பொன்னுருவி அவனைப் போருக்குப் போகவிடாமல் மறித்து நின்று பாடும்போது என் பக்கத்தில் இருந்த கிழவி "போகாதடா அப்பா" என்று சத்தமாகவே சொன்னாள். விடிந்த பிறகு டீக்கடையில் அதே பேச்சு, குந்தி செய்தது நியாயமா, கண்ணன் சூது செய்தானா, செய்நன்றிக்காகத் தப்பான பக்கம் நிற்பது தருமமா. கதையை விட்டு வெளியே போய் "இதெல்லாம் யாரோ கண்ட கனவு" என்று அங்கே ஒருவரும் சொல்லமாட்டார்கள். உள்ளேயே நின்றுகொண்டு நியாயம் கேட்பார்கள். நல்ல தியரிக்கு எனக்கு அதுதான் அளவு, அது கதைக்குள் நின்று நியாயம் கேட்க வேண்டும்.

அந்த அளவில் பார்த்தால் இன்னொரு தியரி இருக்கிறது, அதை நான் விடவே மாட்டேன். ரினோவாதான் வெகுதூர எதிர்காலத்தில் கதையின் கடைசி வில்லியான சூனியக்காரி அல்டிமிசியா ஆகிறாள் என்பது. கிடாசே அதே பேட்டியில் இதையும் இல்லை என்று சொல்லிவிட்டார், இரண்டு பேரும் சூனியக்காரிகள், அந்த அளவுக்கு ஒற்றுமை உண்டு, ஆனால் ஒரே ஆள் இல்லை என்று. இருக்கட்டும். கதை போட்டு வைத்திருக்கிற அடையாளங்களைப் பார். ஸ்குவாலும் ரினோவாவும் சந்திப்பதாகச் சத்தியம் செய்த இடம் அநாதை இல்லத்துப் பூ மைதானம், இங்கே காத்திருப்பேன், வந்தால் பார்க்கலாம் என்று. அல்டிமிசியாவின் கோட்டை சங்கிலி போட்டுக் கட்டப்பட்டு மிதப்பது அந்த அநாதை இல்லத்துக்குப் பக்கத்தில்தான். கடைசிச் சண்டையில் அவள் வரவழைக்கும் மிருகம் கிரீவர், ஸ்குவாலின் மோதிரத்தில் இருக்கும் சிங்கம், அந்தப் பெயரை ஸ்குவால் ரினோவாவிடம் சொல்லியிருக்கிறான். ஸ்குவாலின் மனதிலிருந்துதான் அவள் கிரீவரை எடுக்கிறாள் என்று எதிர்க்கட்சி சொல்கிறது, அதுவும் சரியான பதில்தான், அதை மறுக்க என்னிடம் சான்று இல்லை.

ஆனால் இந்தத் தியரி எனக்குப் பிடித்ததற்குக் காரணம் மோதிரமோ கோட்டையோ இல்லை, மறதி. டிராபியாவில், ஏவுகணை விழுந்து இடிந்த பள்ளிக்கூடத்தின் கூடைப்பந்து மைதானத்தில் எல்லோரும் உட்கார்ந்திருக்க, இர்வின் ஆரம்பிக்கிறான், உங்களுக்கு ஒருவருக்குமே என்னைத் தெரியவில்லையா என்கிற மாதிரி. சண்டைக்காக இவர்கள் கூட்டிக்கொள்ளும் கார்டியன் ஃபோர்ஸ் இருக்கிறதே, அது மூளையில் நினைவு இருக்க வேண்டிய இடத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறது. பலம் ஏற ஏறப் பழையது அழியும். ஒரே பாயில் படுத்து வளர்ந்தவர்கள் ஒருவரை ஒருவர் புதிதாகச் சந்தித்ததாக நினைத்துக்கொண்டிருக்கிறார்கள், தங்களை வளர்த்த தாயான ஈடியாவையே எதிரி என்று சுடப் போகிறார்கள், இதெல்லாம் அவர்கள் பலத்துக்குக் கொடுத்த விலை. இர்வினுக்கு மட்டும் எல்லாம் நினைவிருந்தது, ஏனென்றால் அவன் அதுவரை அந்த பலத்தைப் பயன்படுத்தவில்லை. அப்படியென்றால் ஊர்வலத்தன்று துப்பாக்கியைப் பிடித்துக்கொண்டு அவன் கை நடுங்கியது பயத்தினால் மட்டுமா? குறியில் இருப்பது யார் என்று அங்கே இருந்தவர்களில் அவன் ஒருவனுக்குத்தான் தெரியும். முதல் சிடியோடு நிறுத்திய நமக்கு அவன் வெறும் கோழையாகத் தெரிந்தான், நியாயமே இல்லை.

இப்போது இதை ரினோவா மேல் வைத்துப் பார். அவளும் அதே கார்டியன் ஃபோர்ஸைப் பயன்படுத்துகிறாள், சூனியக்காரியின் சக்தியும் அவளுக்குள் இறங்கிவிட்டது. எல்லோரும் போய்ச் சேர்ந்த பிறகும் இருந்து, பெயர்கள் மறந்து, முகங்கள் மறந்து, யாரையோ எங்கேயோ சந்திப்பதாகச் சொன்னோம் என்பது மட்டும் அடியில் தங்கி நிற்கிற ஒருத்தி எல்லாக் காலத்தையும் ஒன்றாக நசுக்கிவிட ஆசைப்படமாட்டாளா? கடைசிச் சண்டையின் நடுவில் அல்டிமிசியா பேசுகிற பேச்சைக் கேள், குழந்தைப் பருவம், உணர்ச்சிகள், சொற்கள், எவ்வளவு இறுக்கிப் பிடித்தாலும் காலம் நிற்காது என்று. உலகத்தை ஆள நினைக்கிறவள் பேசுகிற பேச்சா அது? எதையோ பறிகொடுத்தவள் பேச்சு. இந்தத் தியரியோடு கேட்டால் அந்த வரிகள் வேறு மாதிரி அடிக்கின்றன. கனவுத் தியரி எல்லோரையும் பொம்மை ஆக்குகிறது, இது வில்லியாக வந்தவளையும் மனுஷி ஆக்குகிறது.

சரி, அவள் ரினோவா இல்லை என்றே வைத்துக்கொள்வோம், அப்போதும் அல்டிமிசியாவின் வழக்கு முடியவில்லை. இன்ன சூனியக்காரியை ஸ்குவாலின் கூலிப்படையான 'சீட்' கொல்லும் என்பது அவள் காலத்தில் எழுதிவைத்த சரித்திரம். அதிலிருந்து தப்பத்தான் அவள் காலத்தில் பின்னோக்கிக் கை நீட்டுகிறாள், கை நீட்டியதால்தான் அந்தப் படை அவளிடம் வந்து சேருகிறது. முடிவில் அவள் சாகும் நிலையில் பழைய காலத்து அநாதை இல்லத்துக்கு வந்து விழ, பிள்ளைகளைக் காப்பாற்ற ஈடியா அந்தச் சக்தியைத் தான் வாங்கிக்கொள்கிறாள். பக்கத்தில் நிற்கும் ஸ்குவால் வாய் தவறி 'சீட்', தன் ராணுவப் பள்ளியின் பெயரான 'கார்டன்' என்றெல்லாம் சொல்லிவிடுகிறான். ஈடியா அதைக் கேட்டுத்தான் பின்னால் அவற்றை ஆரம்பிக்கவே போகிறாள். அப்படியானால் முதலில் அதை யோசித்தது யார்? ஈடியாவுக்குச் சொன்னது ஸ்குவால், ஸ்குவாலுக்குக் கற்றுக்கொடுத்தது ஈடியா ஆரம்பித்த பள்ளி. ஒருவருமே யோசிக்காத ஒரு யோசனை காலத்துக்குள் சுற்றிக்கொண்டே இருக்கிறது. அசரீரி கேட்ட நாளிலிருந்து கம்சன் செய்ததும் இதுதானே, ஆனால் கம்சனுக்காவது தங்கை பிள்ளைகளைக் கொன்ற பாவம் இருந்தது. இவள் எதுவும் செய்வதற்கு முன்பே இவளைக் கொல்லப்போகிறவர்களின் பெயர் எழுதியாகிவிட்டது. அந்த உலகத்தில் யாருக்காவது தன் இஷ்டம் என்று ஒன்று இருக்கிறதா என்று பாப்பாவிடம் கேள். எனக்கு ஒரே ஓர் இடத்தில் மட்டும் இருக்கிறது என்று தோன்றுகிறது, எஸ்தாரில் ரினோவா தானே போய்ச் சிறைப்பட்டுக்கொள்ள, ஸ்குவால் முதலில் தடுக்காமல் நின்று, பிறகு திரும்பிப் போய் அவளை வெளியே மீட்டு வருகிற இடம். அவளால் உலகத்துக்கு ஆபத்து வரலாம் என்று தெரிந்தேதான் செய்கிறான். அது சரியா தப்பா என்று எனக்கு இன்னும் முடிவு செய்ய முடியவில்லை, ஆனால் அதை யாரும் அவனுக்கு முன்கூட்டி எழுதிக் கொடுக்கவில்லை.

முடிவுப் படத்தைப் பற்றியும் எழுதியிருந்தாய், அவன் வெறும் பாலைவனத்தில் வழி தெரியாமல் நடப்பதும் ரினோவாவின் முகம் கலைந்து கலைந்து போவதும் சாவின் அடையாளம் என்று. எனக்கு அது சாவாகத் தெரியவில்லை, மறதியாகவே தெரிகிறது. காலம் நசுங்கிய இடத்திலிருந்து திரும்ப வேண்டுமென்றால் யாரையாவது, எந்த இடத்தையாவது நினைத்துக்கொள்ள வேண்டும் என்று முன்னாலேயே சொல்லிவிடுகிறார்கள். அவன் அவளை நினைக்கப் பார்க்கிறான், முகம் பிடிபடவில்லை. இத்தனை நாள் வாங்கிய பலத்துக்கு அங்கே வட்டி கட்டுகிறான். அவனால் நினைக்க முடியாமல் போனபோது அவள் அவனை நினைத்து வந்து சேர்கிறாள். அவ்வளவு பேரை நம்பாமல் ஒதுங்கியவன் கடைசியில் இன்னொருத்தியின் நினைவால் பிழைக்கிறான்.

எஸ்தாரின் அதிபர் லகூனா ஸ்குவாலின் அப்பாவா என்று கேட்டிருந்தாய். ஆமாம், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. கேம் அதை நேரடியாக ஒரு வாக்கியத்தில் சொல்லவில்லை, ஆனால் மனைவி ரெயினின் கல்லறையில் லகூனா நிற்பதைக் காட்டிய பிறகு வேறு என்ன சொல்ல வேண்டும்? ஸ்குவாலுக்கு அது எப்போது தெரியும், தெரிந்ததும் என்ன பேசிக்கொண்டார்கள் என்பதை எழுதாமல் விட்டதுதான் எனக்கு வருத்தம்.

ஆடி மாதம் லீவு போட்டுக்கொண்டு எல்லோரும் வாருங்கள். அக்கா ஊருக்குப் பக்கத்து ஊரில் அப்போது பாரதம் வைத்திருக்கிறார்கள், பாப்பா கூத்து பார்த்ததே இல்லை என்றாய். படுகளத்தன்று காலையிலேயே போய்விடலாம், மண்ணில் துரியோதனனைச் செய்கிறவர்கள் வேலை செய்வதை அவள் முதலிலிருந்து பார்க்கட்டும். தேதி உறுதியானதும் சொல்கிறேன், நீ லீவுக்கு இப்போதே எழுதிக் கொடுத்துவிடு. வீட்டுத் தளம் என்ன ஆச்சு என்பதற்கு மறக்காமல் பதில் போடு.

அன்புடன்,
உன் காட்பாடிக்காரன்